மெயில் பெட்டிக்குள் கிண்டிய களி

பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்ய வேண்டுமானால் அதை அவள் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து செய்ய வேண்டும் என்று லோகேஸ்வரன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் அவருக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. ரேணிகுண்டா பக்கத்தில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருபத்திரண்டு வருஷமாகப் போல்ட்டுக்கும் நட்டுக்கும் காவல் இருக்கும் மனிதர். அவருக்கு அடிக்கடி வரக்கூடிய யோசனை இல்லை அது.

காரியம் ஒன்றும் விபரீதமானதில்லை. சீட்டாட்டம் கிடையாது, தண்ணி கிடையாது, வேறு வீட்டு விவகாரம் கிடையவே கிடையாது. அவர் நியூஸ்குரூப் படிப்பார்.

நியூஸ்குரூப் என்றால் அதில் நியூஸ் ஒன்றும் இருக்காது. எங்கெங்கோ இருக்கிற ஜனங்கள் ஏதோ ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு இன்டர்நெட்டில் எழுதிப் போடுவார்கள். ஒருத்தர் கேட்பார், பத்துப் பேர் பதில் சொல்வார்கள், இருபது பேர் அந்தப் பத்துப் பேரோடு சண்டைக்கு வருவார்கள். பம்ப்செட்டுக்கு ஒரு குரூப், பழைய ரேடியோவுக்கு ஒரு குரூப், பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு குரூப் என்று ஆயிரக்கணக்கில் இருந்தன. லோகேஸ்வரன் சேர்ந்திருந்தது தென்னிந்தியச் சமையல் குரூப்பில்.

சேர்ந்தது மட்டுமில்லை. அங்கே அவர் பெரிய ஆள்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. லோகேஸ்வரனுக்குக் கேஸ் அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் பற்றும் என்று தெரியாது. பிறந்ததிலிருந்து சொந்த ஊரான நகரியில் அம்மா போட்டதைத் தின்றார். கல்யாணத்துக்கு அப்புறம் திருப்பதியில் பிரமிளா போட்டதைத் தின்கிறார். ஆனால் தின்கிறபோது கேள்வி கேட்பார். “இதுல இன்னா போட்டே? எப்ப போட்டே? எவ்ளோ நேரம் வெச்சே?” என்பார். பிரமிளா சொல்வாள். ராத்திரி அது மஸ்கட்டுக்கும் சிங்கப்பூருக்கும் டொராண்டோவுக்கும் லோகேஸ்வரன் பேரில் போய்விடும். ஸ்டோர்ஸில் சாமான் கேட்டு இண்டென்ட் எழுதிப் பழகிய கை. ‘புளிச்சகீரை, இரண்டு கட்டு, புதியது. மிளகாய், எட்டு, காய்ந்தது. தாமதமின்றித் தாளிக்கவும்’ என்று எழுதுவார். பெரிய சமையல்காரர்கள்தான் இப்படி ரத்தினச் சுருக்கமாக எழுதுவார்கள் என்று குரூப்பில் முடிவு கட்டிவிட்டார்கள். மெல்போர்னிலிருந்து ஒருவர் அவரை ‘மாஸ்டர்’ என்றே கூப்பிட்டார். ஆபீஸில் ஒரு டீ சொன்னால்கூட மூன்றாவது தடவைதான் வரும். அப்படிப்பட்டவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பேரை விட்டுவிட்டு இருக்க அவரால் முடியாது.

தொல்லை டெலிபோனால் வந்தது. வீட்டு டெலிபோன் வயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் இன்டர்நெட் வரும் காலம் அது. இவர் உள்ளே போய்விட்டால் வெளியிலிருந்து யாரும் போன் பண்ண முடியாது. மகள் கீர்த்தி குப்பம் என்ற ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அவளுக்கு ஒருநாள் ஜுரம். வீட்டுக்குப் பதினாறு தடவை போன் போட்டிருக்கிறாள். பதினாறு தடவையும் எங்கேஜ்டு. அந்த நேரத்தில் லோகேஸ்வரன் சாம்பாரில் வெல்லம் போடலாமா கூடாதா என்று டெக்சாஸ்காரர் ஒருவரோடு மோதிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு இரவே சட்டம் போடப்பட்டது.

“இன்னாங்க, இனிமே அந்த கம்ப்யூட்டர்ல மெயிலு மட்டுந்தான். கீர்த்திக்கு எழுதுங்க, ஆபீஸ் மெயிலு வந்துதுன்னா பாருங்க. அரை மணி நேரம். அதுக்கு மேல வயரு போன்லதான் இருக்கணும்.”

“குரூப்ல ஒரு நாலு பேரு என்னை நம்பிக்கினு...”

“உங்கள நம்பிக்கினு ஒரு பொண்ணு ஜுரத்துல படுத்துக்கினு இருந்துது.”

நியூஸ்குரூப் படிக்கிற புரோகிராமைப் பிரமிளா நின்று பார்த்துக்கொண்டிருக்க அவர் கையாலேயே அழித்தார். ஒன்பது நாள் தாங்கினார். பத்தாவது நாள்தான் அந்த வெள்ளிக்கிழமை.

யோசனைக்கு வழி காட்டியவர் சந்திரசேகர். அதே கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்ஷன். சித்தூர்க்காரர், தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்.

“சார், ஆட்-இன்னு ஒண்ணு கீது. மெயில் புரோகிராமுக்கு உள்ளாறயே போயி ஒட்டிக்கும். உங்க குரூப்பு மெயில்லயே ஒரு ஃபோல்டர் மாதிரி ஒக்காந்துக்கும். எல்லாத்தையும் அஞ்சு நிமிஷத்துல எறக்கிக்கினு லைனை கட் பண்ணிடலாம். அப்புறம் ஆராமா படிங்க. போனுக்கு பிராப்ளம் லேது.”

“பக்கத்துல நின்னு பாக்கறவங்களுக்கு?”

“மெயிலு படிக்கறாருன்னுதான் தெரியும்.”

“இத கண்டுபிடிச்சவன் கண்டிப்பா கல்யாணம் ஆனவன்யா” என்றார் லோகேஸ்வரன்.

“ஆனா ஃப்ரீ காது சார், சும்மா வராது. வருசத்துக்கு இவ்ளோன்னு காசு கட்டணும்.”

“கட்டு.”

சந்திரசேகரிடம் கிரெடிட் கார்டு இருந்தது. கட்டினார். லோகேஸ்வரன் தன் வாழ்க்கையில் கண்ணால் பார்க்க முடியாத ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கியது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை பிரமிளா தான் வேலை பார்க்கும் காலேஜ் ஆபீஸுக்குப் போயிருந்த நேரத்தில் சந்திரசேகர் பைராகிப்பட்டேடாவில் இருந்த வீட்டுக்கே வந்து பொருத்திக் கொடுத்தார். கீர்த்தியின் மெயில் ஃபோல்டருக்குக் கீழே புதிதாக ஒரு ஃபோல்டர் முளைத்தது. அதற்கு லோகேஸ்வரன் ‘ஸ்டோர்ஸ் – பழைய ஸ்டாக்’ என்று பேர் வைத்தார். பிரமிளா எதைத் திறந்தாலும் அதைத் திறக்க மாட்டாள் என்பது அவர் கணக்கு.

அன்று சாயங்காலமே பிரமிளா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். இவர் ஒரு அடி தள்ளி இருந்து இருநூற்றுப் பதினாலு சமையல் கடிதங்களைப் படித்தார். முகத்தை மட்டும் ஸ்டாக் எடுக்கிறவர் மாதிரி வைத்துக்கொண்டார்.

“ஆபீஸ் வேலையா?”

“ஆமா. பழைய ஸ்டாக்கு.”

“ஐயோ பாவம். சனிக்கெழமகூட உட மாட்டேன்றாங்களே.”

அவள் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தாள். லோகேஸ்வரனுக்கு மனசுக்குள் கொஞ்சம் குறுகுறுத்தது. மோர் நன்றாக இருந்ததால் குடித்துவிட்டார்.

இப்படியே ஏழெட்டு மாதம் ஓடியது. வயர் ஐந்து நிமிஷத்தில் போனுக்குத் திரும்பிவிடும். கீர்த்தி போன் பண்ணினால் உடனே கிடைக்கும். பிரமிளா ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் ராத்திரி அவளும் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மகளுக்கு மெயில் எழுதுவாள், எழுதி முடித்துப் படுத்துவிடுவாள். ஒரே ஒரு தடவை மட்டும் கேட்டாள்.

“இன்னாங்க, அந்தப் பழைய ஸ்டாக்கு தெனம் எரநூறு எரநூறா ஏறிக்கினே போவுதே, எப்பதான் தீரும்?”

“கம்பெனி பழசு பிரமிளா. தீராது.”

“அது சரி.”

கெட்ட காலம் களியில் வந்தது.

டொராண்டோவிலிருந்து யாரோ கேட்டார்கள். கேழ்வரகுக் களி கிண்டினால் கட்டி கட்டியாக விழுகிறது, மாஸ்டர் வழி சொல்ல வேண்டும். லோகேஸ்வரன் சாப்பாட்டு நேரத்தில் பேச்சை எடுத்தார்.

“பிரமிளா, களிக்கு அரிசி நொய்ய வேக வெச்சிட்டு மாவு போடுவியே, போட்டதும் கிண்டணுமா, கொஞ்சம் உடணுமா?”

பிரமிளா தட்டில் களியை வைத்தாள். உருண்டை வழவழவென்று இருந்தது. அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“போட்டதும் போட்டதுமா கிண்டிடணும். ஒரு செகண்டு உடக் கூடாது. வெறி புடிச்சவன் மாதிரி கிண்டணும்.”

அன்றே எழுதிப் போட்டார். ‘மாவு இட்ட கணமே கிண்டவும். தாமதம் கூடாது.’ ஐந்து தேசங்களில் அந்த வார இறுதியில் களி கிண்டப்பட்டது. ஐந்து தேசங்களிலும் கோலிக்குண்டு கோலிக்குண்டாகக் கட்டி விழுந்தது. டெக்சாஸ்காரர் போட்டோ எடுத்தே போட்டார்.

லோகேஸ்வரன் அசரவில்லை. உங்கள் ஊர் மாவு சரியில்லை என்று எழுதினார். தண்ணீர் சரியில்லை என்று எழுதினார். டொராண்டோவில் குளிர் அதிகம் என்றும் எழுதினார். பிரமிளாவிடம் போய், ‘ஏன் தப்பாகச் சொன்னே?’ என்று கேட்கத்தான் ஆசை. கேட்டால், ‘உங்களுக்கு எப்படித் தெரியும் தப்புன்னு?’ என்பாள். அதற்கு என்ன சொல்வது? வாயை மூடிக்கொண்டு அவள் கிண்டிய களியைத் தின்றார். அதில் ஒரு கட்டிகூட இல்லை.

அப்போதுதான் மஸ்கட்டிலிருந்து பத்மாவதி எழுதினாள். வேலூர்ப் பக்கத்துக்காரி, தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருப்பவள். குரூப்பில் எல்லோரும் அவளிடம் பயம். அவள் எழுதியது இதுதான்: ‘மாவிலும் தப்பில்லை, தண்ணீரிலும் தப்பில்லை. வரும் இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் சாமி தரிசனத்துக்குத் திருப்பதி வருகிறோம். தரிசனம் முடித்து நேராக உங்கள் வீட்டுக்கு வருகிறேன். என் கண்ணெதிரில் கிண்டிக் காட்டுங்கள். குரூப்புக்கு நானே எழுதுகிறேன். உங்கள் விலாசம் என்னிடம் இருக்கிறது.’

விலாசம் அவளிடம் எப்படி வந்தது?

திருப்பதியில் குடியிருக்கிறவர்கள் எதை மறந்தாலும் ஒன்றை மறக்க மாட்டார்கள். வெளியூர்க்காரனிடம் விலாசம் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த மாதம் அவன் சித்தப்பா குடும்பம் பெட்டி படுக்கையோடு வாசலில் நிற்கும். குளிக்க வெந்நீர் கேட்கும். தரிசன டிக்கெட்டுக்கு யாரைத் தெரியும் என்று கேட்கும். லோகேஸ்வரன் சொந்த ஒன்றுவிட்ட அண்ணனிடமே வீட்டு நம்பரை மாற்றிச் சொன்னவர்.

மறுநாள் ஆபீஸில் சந்திரசேகரைப் பிடித்தார்.

“யோவ், என் விலாசம் அந்தம்மாவுக்கு எப்டிய்யா போச்சி?”

சந்திரசேகர் யோசித்தார். “சார், உங்க மெயிலுக்கு அடியில பேரு, வீட்டு நம்பரு, தெரு, போன் நம்பரு எல்லாம் தானா விழற மாதிரி செட் பண்ணிக்கீறீங்க இல்ல?”

“ஆபீஸ் மெயிலுக்கு பண்ணேன். கூரியர்காரனுக்கு வசதின்னு.”

“ஆட்-இன்னு மெயிலுக்குள்ளாறதானே கீது. குரூப்புக்கு நீங்க எழுதினது எல்லாத்துக்கும் அடியில விழுந்திருக்கும்.”

“எல்லாத்துக்குமா?”

“ஏழெட்டு மாசம்... ஒரு நானூறு எழுதியிருப்பீங்களா?”

லோகேஸ்வரன் அறுநூறு எழுதியிருந்தார். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். உலகத்தில் களி சாப்பிடுகிற அத்தனை பேரிடமும் அவருடைய பைராகிப்பட்டேடா விலாசம் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பத்மாவதிக்கு மறுப்பு எழுதினார். ‘அன்றைய தினம் நான் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்கு வேண்டுதலை நிறைவேற்றச் செல்வதால் ஊரில் இருக்க மாட்டேன்.’ சாமி பேரைச் சொன்னால் தலைமையாசிரியைகூடக் கேள்வி கேட்க மாட்டாள். அனுப்புவதற்குள் கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்தபோது பிரமிளா மகளுக்கு எழுத உட்கார்ந்துவிட்டாள். காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்.

காலையில் ஃபோல்டரைத் திறந்தார். அவர் பேரில் ஏற்கெனவே ஒரு பதில் போயிருந்தது. ‘தாராளமாக வாருங்கள். களியை நானே என் கையால் கிண்டுவேன். பசியோடு வரவும்.’ கீழே விலாசமும் இருந்தது.

“சந்திரசேகர், இந்த ஆட்-இன்னு தானா பதில் எழுதுமா?”

“எழுதாது சார்.”

“காசு கட்டி வாங்கினது ஆச்சேய்யா. கூட ஏதாச்சும் செய்யும்னு நெனச்சேன்.”

“அட்லாண்டிதி ஏமி லேது சார், அப்டி ஒண்ணும் செய்யாது” என்று சந்திரசேகர் சத்தியம் செய்தார். தூக்கக் கலக்கத்தில் தானே எழுதியிருப்போமோ என்று லோகேஸ்வரனுக்குச் சந்தேகம் வந்தது. பிரமிளா மேல் மட்டும் வரவில்லை. அவள் கீர்த்திக்குத்தானே எழுதுகிறாள்.

இனி ஒரே வழிதான். பிரமிளாவே சமைக்க வேண்டும், ஆனால் இவர் சமைத்த மாதிரி இருக்க வேண்டும். வியாழக்கிழமை மெல்லப் பேச்செடுத்தார்.

“பிரமிளா, ஞாயித்துக்கெழம மஸ்கட்லேர்ந்து ஒரு பார்ட்டி வர்றாங்க. கம்பெனி விஷயம். களி துன்னணும்னு ஆசப்படறாங்க.”

“அதுக்கின்னா? வரட்டும். நாட்டுக்கோழி எடுத்துக்கினு வாங்க. கொழம்ப நான் காலைலயே வெச்சிடறேன். களி சூடா இருக்கணும். அவங்க வந்தப்புறம் கிண்டிக்கலாம்.”

“நான் சும்மா சமையல்கட்டு வாசல்ல ஒரு துண்ட போட்டுக்கினு நிப்பேன்.”

“நில்லுங்க. காத்து நல்லா வரும்.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே தோன்றியது. தன் திட்டத்தைத் தானே மெச்சிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை புதுத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார்.

பதினோரு மணிக்கு ஆட்டோ வந்தது. பத்மாவதி மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, கண்ணாடி போட்டு, கையில் லட்டுப் பையோடு இறங்கினாள். பின்னால் கணவர். அவருக்கும் மொட்டை. அவர் பேசவே மாட்டார் என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

“நீங்கதான் லோகேஸ்வரனா? எழுத்துல இன்னும் கொஞ்சம் உயரமா இருந்தீங்க.”

லோகேஸ்வரன் சிரிப்பதற்குள் பிரமிளா முன்னால் வந்துவிட்டாள். பட்டுப்புடவை. தலை நிறைய பூ.

“வாங்கம்மா, வாங்க. அவரு காலைலேர்ந்து உங்களுக்காகத்தான் துண்ட போட்டுக்கினு ரெடியா நிக்கிறாரு. களின்னா என்னை அடுப்பாண்ட வரவே உட மாட்டாரு. நீங்க ஒக்காருங்கண்ணா. ஏங்க, அவங்களுக்கு பசிக்கும். போங்க, ஆரம்பிங்க.”

சொல்லிவிட்டு ஹாலில் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள்.

லோகேஸ்வரன் அவளைப் பார்த்தார். அவள் லட்டுவைப் பார்த்தாள். பத்மாவதி கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு சமையல்கட்டுக்குள் போய் ஓரமாக நின்றாள், பரீட்சை ஹாலில் நிற்கிற மாதிரி.

அடுத்த கால் மணி நேரத்தைப் பற்றி அதிகம் சொல்வது மரியாதை இல்லை. அடுப்பு மூன்றாவது முயற்சியில் பற்றியது. உப்பைத் தேடி ஐந்து டப்பா திறந்தார்.

“சொந்த சமையல்கட்டுல உப்பு தேடறீங்களே?”

“இவ எல்லாத்தையும் மாத்தி மாத்தி வெச்சிடறா மேடம்.”

நொய்யைப் பிரமிளா முன்னாலேயே வேகவைத்து மூடியிருந்தாள். அதைச் சூடாக்கினார். மாவைக் கொட்டினார். ஒரு செகண்டு விடவில்லை. வெறி பிடித்தவர் மாதிரி துடுப்பைப் போட்டுக் கிண்டினார். கண்ணாடியில் மாவு, மீசையில் மாவு, புதுத் துண்டில் மாவு. பாத்திரத்துக்குள் கோலிக்குண்டுகள் உருண்டன.

பத்மாவதி எட்டிப் பார்த்தாள். “கட்டி” என்றாள். ஒரே வார்த்தை. திரும்பி ஹாலுக்குப் போய்க் கணவரிடமும் சொன்னாள்.

இத்தனை நாள் சேர்த்த பேர் பாத்திரத்துக்குள் கிடந்தது. இன்று ராத்திரி டெக்சாஸ்காரர் சிரிப்பார். மெல்போர்ன்காரர் மாஸ்டர் என்று கூப்பிடுவதை நிறுத்துவார். லோகேஸ்வரன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையினால் இல்லை, கேஸ் அடுப்பில் ஏது புகை.

பிரமிளா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள்.

“பிரமிளா” என்றார் அடிக்குரலில். “கட்டி வுழுந்துடுச்சி.”

“போட்டதும் கிண்டினா வுழத்தான் வுழும்.”

“நீதானே அப்டி சொன்னே?”

“துன்றதுக்கு கேட்டிருந்தா சரியா சொல்லியிருப்பேன். ஊருக்கு எழுதறதுக்கு கேட்டீங்க.”

லோகேஸ்வரன் கையிலிருந்த துடுப்பு நின்றது. “உனக்கு... எப்பலேர்ந்து தெரியும்?”

“மொத நாளு மோரு குடுத்தேனே, அதுக்கு அடுத்த நாளு. நானும் காலேஜ் ஆபீஸ்ல தெனம் மெயிலுதானே பாத்துக்கினு கீறேன். எங்க பிரின்சிபாலுக்கே ஒரு நாளிக்கி பத்து மெயிலு வராது. ஸ்டோர்ஸ்ல துருப்புடிச்ச நட்டுக்கு எரநூறு மெயிலா? தெறந்து பாத்தேன். என் புளிச்சகீர, என் கொள்ளு ரசம், என் கடலச்சட்னி, எல்லாம் வரிசையா கீது.”

“அப்ப அந்தம்மாவுக்கு பதிலு...”

“நாந்தான் போட்டேன். கீர்த்திக்கு எழுத ஒக்காந்தேன். பக்கத்துலயே இருந்துச்சி.”

அவள் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். குரல் கொஞ்சம் மாறியது.

“இருவது வருசமா உங்களுக்கு ஆக்கிப் போட்டுக்கினு கீறேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நல்லா கீது பிரமிளான்னு சொன்னதில்ல. இன்னா போட்டே, எப்ப போட்டேன்னுதான் கேப்பீங்க. அங்க முப்பது பேரு நல்லா கீது நல்லா கீதுன்னு எழுதறாங்க. அத்தனயும் உங்க பேருல வாங்கிக்கினீங்க.”

லோகேஸ்வரனுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. மாவு அப்பிய முகத்தோடு வெட்கப்படுவது ஒரு மனிதனுக்குக் கஷ்டமான நிலைமை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தார். “நல்லாத்தான் இருக்கும் பிரமிளா” என்றார். “எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.”

“இப்ப சொல்லுங்க.” அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். துடுப்பை மட்டும் வாங்கவில்லை. “அத தூக்கி அந்தாண்ட வைங்க. பக்கத்து பாத்திரத்துல இன்னும் நொய்யி வேகவெச்சி வெச்சிக்கீறேன். மாவ நடுவுல குமிச்சி கொட்டுங்க. கிண்டாதீங்க. துடுப்பு காம்பால நடுவுல ஒரு ஓட்ட போடுங்க. மூடுங்க. தீய கொறைங்க. இப்ப பத்து நிமிஷம் ஒண்ணும் செய்யாம நில்லுங்க. அது உங்களுக்கு வரும்.”

பத்து நிமிஷம் நின்றார். பிறகு அவள் சொல்லச் சொல்லக் கிண்டினார். பாத்திரத்தைக் காலால் அணைத்துப் பிடித்து, மூச்சு வாங்க, இரண்டு கையாலும். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. இதைத்தான் இவள் வாரம் இரண்டு தடவை கிண்டுகிறாளா என்று முதல் தடவையாக யோசித்தார். ஈரக் கையால் உருட்டி வைத்தபோது உருண்டை வழவழவென்று இருந்தது.

பத்மாவதி உருண்டையைப் பிட்டுப் பார்த்தாள். கட்டியைத் தேடினாள். கிடைக்கவில்லை. கோழிக் குழம்பில் தோய்த்து விழுங்கினாள். இன்னொரு உருண்டை கேட்டாள். பேசாத கணவர் மூன்றாவது உருண்டைக்குப் பிறகு வாயைத் திறந்து, “நல்லாருக்கு” என்றார்.

“முதல்ல பண்ணது?” என்றாள் பத்மாவதி.

“அது எப்படி கிண்டக் கூடாதுன்னு உங்களுக்கு காட்டினாரும்மா” என்றாள் பிரமிளா. “நல்லா கத்துக்குடுப்பாரு.”

லோகேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். பத்மாவதி எதிரில் இவர் பேரை விட்டுக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. இனி இவளிடம் எதையும் மறைப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார். ஆட்டோ ஏறும்போது பத்மாவதி பிரமிளாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் ஏதோ பேசினாள். பெண்கள் விஷயம் என்று இவர் கிட்டே போகவில்லை.

போயிருக்க வேண்டும்.

புதன்கிழமை குரூப்பில் பத்மாவதியின் கடிதம் வந்தது. ‘நேரில் சோதித்தேன். லோகேஸ்வரன் மாஸ்டர்தான், சந்தேகமில்லை. அவர் மனைவி சொல்லித் தெரிந்த ஒரு விஷயம்: மற்ற நாளில் எப்படியோ, ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் முழுச் சமையலும் அவர்தான். திருப்பதிக்குத் தரிசனத்துக்கு வருகிறவர்கள் அவசியம் போய்ச் சாப்பிட வேண்டும். வருகிறவர்களை அவர் தடுப்பதே இல்லை என்று மனைவி சொன்னார்கள். விலாசம் எல்லோரிடமும் இருக்கிறது.’

அடுத்த ஞாயிறு சிங்கப்பூரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு டெக்சாஸ்காரர், மாமியாரோடு. மெல்போர்ன்காரர் வந்து லோகேஸ்வரன் காலில் விழுந்தார். மாஸ்டர் என்று கூப்பிட்டுக் காலில் விழுகிறவரிடம் எனக்குச் சமைக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? காலை ஆறு மணிக்கு எழுந்து வெங்காயம் உரித்தார். பிரமிளா ஹாலில் உட்கார்ந்து வந்தவர்களோடு பேசினாள், லட்டு சாப்பிட்டாள், அங்கிருந்தபடியே, “ஏங்க, கடுகு தீயுது” என்று குரல் கொடுத்தாள். வாரம் ஆறு நாள் காலேஜுக்குப் போய் ஏழு நாளும் சமைத்தவள் அவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. இரண்டு மாதத்தில் லோகேஸ்வரனுக்கு ரசம் வந்தது, பொரியல் வந்தது, வடையில் ஓட்டைகூட நடுவில் விழ ஆரம்பித்தது. இடுப்பு வலியும் வந்தது.

ஒரு புதன்கிழமை கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி எழுந்து நின்றது. ஆட்-இன்னுக்குக் கட்டிய ஒரு வருஷம் வெள்ளிக்கிழமையோடு முடியப் போகிறது, தொடர வேண்டுமானால் பணம் கட்டவும் என்றது. லோகேஸ்வரன் அதைக் கும்பிட்டார். கட்டாமல் விட்டால் ஃபோல்டர் நின்றுபோகும். ஃபோல்டர் நின்றால் அவர் பேரில் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. அவர் எழுதவில்லையென்றால் நாலு வாரத்தில் குரூப் அவரை மறந்துவிடும். பேர் போகும்தான். போகட்டும், ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும். அந்த மூன்று நாளும் ஆபீஸில் விசிலடித்துக்கொண்டே போல்ட் எண்ணினார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஃபோல்டர் செத்திருக்கும் என்று ஆசையாகத் திறந்தார். திறந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு கடிதம் இறங்கியது. மேலே ஒரு வரி: ‘கட்டணத்துக்கு நன்றி. உரிமையாளர்: பிரமிளா லோகேஸ்வரன்.’

“பிரமிளா, இது... யாரு கட்டினது?”

“நாந்தான். சந்திரசேகர் அண்ணங்கிட்ட சொல்லி கட்டினேன். உங்களுக்கு கீற ஒரே ஆச அது. நின்னு போவக் கூடாது பாருங்க.”

“ஒரு வருசத்துக்கா?”

“வருசா வருசம் எவ கட்டிக்கினு இருப்பா? ஆயுசுக்கும் சேத்து கட்டிட்டேன். எந்திரிங்க, நாளைக்கு ஒம்போது பேரு வர்றாங்க, உளுந்து ஊற வைக்கணும்.”